சீனிக்காரரின் மூச்சும் கள்ளு முட்டியும்

நிலாவெளி வீதியில் ஓட்டோ ஓட்டும் என் மாமாவை ஒரு பின்னேரம் பொலிஸார் மறித்து, குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூன் ஊதச் சொன்னார்கள். மாமா சாராயம் தொடாத ஆள். ஆனால் அன்று சேர்ட் முழுக்க வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்கு நாக்குக் குழறிய பதில். ஊதினார். குழாயில் இருந்த மஞ்சள் மணிகள் மஞ்சளாகவே இருந்தன. மறித்தவருக்கு நம்பிக்கை வரவில்லை, வேறு ஏதோ போட்டிருக்கிறார் என்றே நினைத்தார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரருக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பிளேன்ரீயில் மூன்று கரண்டி சீனியைக் கொட்டிக் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில் மாமா பழைய மாமா.

மாமா சீனி வருத்தக்காரர். காலையில் அதற்கான கிளிக்கிளசைட் குளிசையைப் போட்டவர், மத்தியானச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். இரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடம்பு வியர்த்து நடுங்கும். இன்னும் இறங்கினால் மூளைக்கு எரிபொருள் போதாமல் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபமும் வரும். பார்ப்பவருக்கு அச்சு அசல் வெறிகாரன். அன்று கருவி சரியாகத்தான் சொன்னது, பிழைத்தது மனிதர் கண்.

கருவியே பிழைக்காதா? சீனிக்காரர் ஊதினால் குடித்ததாகக் காட்டும் என்றொரு கதை ஊரில் உலாவுகிறது. கதைக்கு ஒரு அடி இருக்கிறது. இன்சுலின் மிகவும் குறைந்துபோனால் உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது கீட்டோன்கள் பெருகும், அவற்றில் ஒன்றான அசற்றோன் மூச்சில் வெளியேறும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை அதுதான்.

ஆனால் பலூன் குழாயின் மஞ்சள் மணிகளில் இருப்பது டைகுரோமேற்று என்ற இரசாயனம். மதுசாரம் பட்டால் அது மதுசாரத்தை ஒக்சியேற்றிவிட்டுத் தான் பச்சையாகும். அசற்றோன் அதற்கு அவ்வளவு இலகுவில் மசியாது. பிளாட்டினம் வைத்த இலத்திரனியல் கருவிகளும் அசற்றோனைக் கண்டுகொள்வதில்லை. ஏமாறுவது பெரும்பாலும் மலிவான குறைகடத்தி உணரி உள்ள கருவிகள்தான்.

ஒரு பொட்டு மட்டும் உண்டு. மதுசாரத்தை உடைக்கும் ஈரல் நொதியம் சில வேளை தலைகீழாக வேலைசெய்து அசற்றோனை ஐசோபுரொப்பனோலாக மாற்றிவிடும். அது மதுசார வகைதான், நல்ல கருவியிலும் காட்டும். சுவீடனில் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் இருந்த ஒருவருக்கு, ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் வாகனம் இப்படி மக்கர் பண்ணியதை 2007இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனால் சீனி முற்றி அந்த அளவுக்குக் கீட்டோன் ஏறியவர் சத்தியெடுத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவேண்டியவர். பொலிஸுக்குப் பயப்பட அவருக்கு நேரமிராது.

உண்மையில் குழப்பம் செய்வது மதுசாரம் தேடும் சிறுநீர்ச் சோதனை. கள்ளிறக்குபவரைக் கேளுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. இனிப்பும் மதுவமும் (ஈஸ்ற்) சூடும் சேர்ந்தால் நொதிக்கத்தான் செய்யும். இரத்தச் சீனி சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் இறங்கும். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற குளிசைகளோ சீனியைச் சிறுநீரில் தள்ளுவதற்கென்றே வந்தவை. இனிப்பான அந்தச் சிறுநீரில் கண்டிடா என்ற மதுவமும் இருந்து, போத்தல் திருகோணமலை மத்தியான வெயிலில் ஒரு மேசையில் கிடந்தால் என்ன ஆகும்? கள்ளுத்தான். அதனால்தான் மாதிரியைக் குளிரில் வைக்கிறார்கள், சோடியம் புளோரைட்டும் சேர்க்கிறார்கள். அது ஆய்வுகூடத்துச் சுண்ணாம்பு.

போத்தலில் மட்டுமல்ல, சலப்பையிலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஈரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்த 61 வயது சீனிக்காரப் பெண்ணின் சிறுநீரில் திரும்பத் திரும்ப மதுசாரம் தெரிந்தது. அவர் குடிப்பதில்லை என்றார், டொக்டர்மார் நம்பவில்லை. இரத்தத்தில் மதுசாரம் இல்லை. குடித்திருந்தால் ஈரல் உண்டாக்கும் எதைல் குளுக்குரோனைட்டும் சிறுநீரில் இல்லை. மதுவம் உள்ளேயே வடித்துக்கொண்டிருந்தது. 2020இல் இது வெளிவந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு முடிவு வந்தால் கேட்டு வாங்கவேண்டியது அந்த எதைல் குளுக்குரோனைட் சோதனையைத்தான்.

போதைப்பொருள் பரிசோதனையில் வேறு சிக்கல். சீனி கூடினால் தண்ணி விடாய்க்கும், சலம் அடிக்கடி போகும், மாதிரி ஐதாகிவிடும். சிறுநீரில் வழமையாக இருக்கும் கழிவான கிரியேட்டினின் டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால், வேண்டுமென்றே தண்ணீர் குடித்து ஏமாற்றப் பார்த்தாரோ என்று சந்தேகம் வரும். முதல்கட்டச் சோதனை மூலக்கூறின் உருவத்தைத்தான் பார்க்கிறது, ஆளை அல்ல. பிரஷருக்குக் கொடுக்கும் லபெற்றலோல் குளிசை அதில் ஐஸ் போதைப்பொருளின் இனமாகத் தெரிவதுண்டு. மூலக்கூறின் திணிவை அளந்து இனங்காணும் திணிவு நிறமாலைமானியில் மறுபடி பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதற்கு முன் யாரும் குற்றவாளி இல்லை, போடும் குளிசைகளை முதலே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

மாமா இப்போது கிளினிக் கொப்பியை ஓட்டோவிலேயே வைத்திருக்கிறார். கூடவே தோடம்பழ டொபியும் வைத்திருந்தார், அதைப் பேத்தி முடித்துவிட்டாள்.