குழல் தாழும் கணம்

அமெரிக்காவில் பழைய கைத்துப்பாக்கிகளை விற்கும் கடைகளில், புதியவற்றை வாங்குவதற்காகக் காவல் துறைகள் திருப்பிக் கொடுத்த கிளாக் 19 பிஸ்டல்களைக் காணலாம். ஆண்டுக்கணக்கில் உறையில் செருகி எடுத்ததால் அவற்றின் முனையில் மேற்பூச்சு தேய்ந்திருக்கும். நாள்தோறும் இடுப்பில் வைத்துக்கொள்ள ஒன்றைத் தேடி வருபவரின் கண் முதலில் அங்கேதான் போகிறது. துப்பாக்கியின் உண்மையான வயதோ, குழலுக்கு அடியில் இருக்கும் சுருள்வில்லில் ஒளிந்திருக்கிறது.

9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது, அதன் மெல்லிய பித்தளைக் கூட்டுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 2,000 மடங்குக்கும் மேல் உயரக்கூடும். அந்த நேரத்தில் குழலின் பின்வாய் திறந்தால் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் கையை நோக்கிப் பாயும். எனவே தோட்டாவின் நுனியில் இருக்கும் ரவை, அதாவது இலக்கை நோக்கிப் பாயும் குண்டு, வெளியேறி அழுத்தம் தணியும்வரை இந்தப் பின்வாய்க் கதவு பூட்டியே இருக்க வேண்டும். தணிந்தபின் தானாகவே திறக்கவும் வேண்டும்.

யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் பிறந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் இதற்குக் கண்ட, கிளாக்கும் பின்பற்றும் விடை அழகானது. குழலும், அதைப் போர்த்தியிருக்கும் ஸ்லைடு என்னும் எஃகு மேற்பகுதியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சேர்ந்தே பின்னோக்கி நகர்கின்றன. சிறிது தொலைவு போனதும் குழலின் பின்பகுதி ஒரு சரிவில் இறங்கித் தாழ, பூட்டு விடுபட்டு, ஸ்லைடு மட்டும் மேலும் பின்னே போய் வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. இத்தனை நேரம் பூட்டைக் காப்பது வில் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைக் காப்பது எடை. ரவை சுமார் 8 கிராம்; குழலும் ஸ்லைடும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உந்தம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும் என்பதால், ரவை குழலைக் கடந்து முடிக்கும்போது கனமான பகுதி ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே நகர்ந்திருக்கும்.

வில்லின் வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பாய்ந்து வரும் ஸ்லைடின் வேகத்தைத் தணித்து, மீண்டும் முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுவது அதுதான். 1988இல் வந்த கிளாக் 19, முந்தைய கிளாக் 17ஐவிடக் குட்டையானது. ஸ்லைடு இலேசாவதால் வேகம் கூடுகிறது, வில்லுக்கோ இடம் குறைகிறது. கிளாக் 19இன் நான்காம் தலைமுறை வடிவத்தில் ஒன்றினுள் ஒன்றாக இரு வில்களை வைத்தார்கள். ஒவ்வொரு சூட்டிலும் நசுங்கி நீளும் எஃகு மெல்லச் சோர்கிறது. சோர்ந்த வில்லால் ஸ்லைடு அடிச்சட்டத்தில் பலமாக மோதும். சில வேளை முழுதும் மூடாமல் நின்றுவிடும். ஆகவே, உறையில் தேய்ந்தும் குறைவாகவே சுடப்பட்ட காவலரின் துப்பாக்கி, பளபளப்பாகவே இருந்து பல்லாயிரம் முறை சுடப்பட்ட ஒன்றைவிட மேலானது. வில்லை மாற்றுவதும் எளிது.

உடலோடு வைத்திருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுடும் ஊசியின் பாதையை மறித்து ஒரு சிறு முளை நிற்கிறது. விசையை இழுத்தால்தான் அது விலகும். துப்பாக்கி தவறி விழுந்தாலும் ஊசி தோட்டாவைத் தொடாதிருப்பது இதனால்தான். விசையை இலகுவாக்குவதற்காக முந்தைய உரிமையாளர் இந்த முளையை அராவியிருந்தாலோ வேறு உதிரிபாகம் பொருத்தியிருந்தாலோ, தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் பிரித்துப் பார்க்கும்வரை அதை இடுப்பில் செருகக் கூடாது.