இன்-பிளேஸ் அப்டேட்: இடத்திலேயே திருத்தல்

தரமணி, ஓஎம்ஆர் பக்கம் தரவுத்தள வேலை பார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'இன்-பிளேஸ்'. ஒரு தகவல் வட்டிலோ நினைவகத்திலோ எங்கே இருக்கிறதோ, அங்கேயே பழையதன் மேல் புதியதை எழுதிவிடுவதுதான் இன்-பிளேஸ் அப்டேட். இடம் மிச்சம். ஆனால் பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் முழுசாக இருக்காது, புதியதும் முழுசாக இருக்காது.

'பிளேஸ்' என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். அங்கே அகலமான தெருவைக் குறித்த 'பிளாட்டியா', லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தெரு இப்போது சில பைட்டுகளாகச் சுருங்கிவிட்டது!

இந்த வழக்கத்தை 1981-லேயே தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே சந்தேகப்பட்டார். பரிவர்த்தனை, அதாவது முழுசாக நடக்க வேண்டிய, இல்லையென்றால் நடக்கவே கூடாத வேலைத் தொகுப்பு, பற்றிய தன் கட்டுரையில் இதை 'நச்சு ஆப்பிளா?' என்று கேட்டு ஒரு பகுதியே எழுதினார். கணக்கர்கள் பேரேட்டில் எழுதியதை அழிப்பதில்லை, பிழை இருந்தால் அதை ஈடுகட்டப் புதுப் பதிவு போடுவார்கள் என்பது அவர் வாதம். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இதே கதைதான். பதிவான பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்தால் அதைச் சுரண்டி எழுத மாட்டார்கள். தனியாகப் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுப் பதிவு செய்வார்கள்.

சரி, நிஜத்தில் இது எங்கே கடிக்கிறது? போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் தகவலை வழக்கமாக 8 கிலோபைட் பக்கங்களாக வைக்கிறது. 2013-இல் வந்த 9.3 பதிப்பில் பக்கத்துக்குச் செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், போடும் வசதி வந்தது. வட்டில் எழுதுவதற்கு முன் பக்கம் முழுவதையும் படித்து அந்த எண்ணைக் கணக்கிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அதே நேரத்தில் வேறொருவர் அந்தப் பக்கத்தைச் சும்மா வாசிக்கும்போதுகூட, 'இந்தப் பரிவர்த்தனை முடிந்துவிட்டது' என்ற சின்னக் குறிப்பை அதிலேயே பதிக்கலாம். கணக்கிட்ட பிறகு ஒரே ஒரு பிட் மாறினாலும் போச்சு: தகவல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த முறை படிக்கும்போது 'பக்கம் கெட்டுவிட்டது' என்று பிழை வரும். இதற்குச் செய்த ஏற்பாடு எளிது. பக்கத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்து, நகலில் எண்ணைக் கணக்கிட்டு, நகலையே வட்டுக்கு அனுப்புவது. இனி மூலத்தில் யார் எதைத் தொட்டாலும் கவலையில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மேலெழுதல்' என்றால் பழையதை மூடி எழுதும் எதையும் குறிக்கும். கோப்பு மேல் கோப்பு போடுவதும் அதுதான். 'இருப்பிடத் திருத்தம்' என்றால் ரேஷன் கார்டில் முகவரி மாற்றுகிற ஞாபகம் வருகிறது. எனக்கு 'இடத்திலேயே திருத்தல்' போதும். 'ஏ' அழுத்தம் கொடுத்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்து வழி, மூலத்தைத் தொடாமல் நகலெடுத்து அதில் மாற்றுவது. அந்தக் காப்பி-ஆன்-ரைட்டுக்கு 'எழுதும்போது நகலெடுத்தல்' என்பார்கள். நேரான மொழிபெயர்ப்பு, ஆனால் நாக்கில் நிற்கவில்லை. 'நகலில் திருத்தல்' என்றால் ஜோடியாகவும் இருக்கும், எது எங்கே நடக்கிறது என்பதும் புரியும்.

நகலுக்கும் விலை உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு வரிசையை அப்டேட் செய்தால் பழைய பதிப்பு அப்படியே கிடக்கும். யாருக்கும் தேவைப்படாதபோது வேக்கூம் என்ற சுத்தம் செய்யும் வேலை வந்து அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த விடும். அதைத் 'துப்புரவு' என்று சொல்லிவிடலாம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.