கணவருக்கு ஈஸி ரன், மனைவிக்கு ரேஸ்

நவம்பர் பிறந்தால் போதும், மாட்டுங்காவில் என் கிளினிக்குக்கு ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் நொண்டிக்கொண்டு, இன்னொருவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு. ஜனவரி மூன்றாவது ஞாயிறு மும்பை மராத்தான் அல்லவா! பிசியோதெரபிஸ்டாக 14 வருஷம் ஆகிறது. இந்த வாரம் வந்தது இந்த சீசனின் நான்காவது ஜோடி. எழுத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் மூன்று வாரமாக வலி. "ஷின் ஸ்ப்ளின்ட்தான் டாக்டர், ஐஸ் வச்சிண்டிருக்கா." ஓடுபவர்களுக்கு முன்னெலும்பை ஒட்டி வரும் வலிக்குத்தான் அந்தப் பெயர். கணவரே நோயையும் கண்டுபிடித்து வைத்தியமும் செய்துவிட்டார். எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் அந்த அம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வெறும் ஷின் ஸ்ப்ளின்ட் என்றால் வலி நீளவாக்கில் பரவியிருக்கும். இப்படிப் புள்ளி வைத்தாற்போல் வலித்தால் எலும்பில் கீறலோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். "எக்ஸ்ரே கிளியரா இருக்கே?" ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது ஐயா. இதையும் வருஷா வருஷம் சொல்கிறேன். ஆர்த்தோவிடம், அதாவது எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐயில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், தொடர்ந்து அடி வாங்கி எலும்பில் விழும் கீறல்.

எப்படி ஓடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எப்பவும் சேர்ந்துதான்" என்று பெருமையாகப் பதில் வந்தது. வாரம் நான்கு நாள், மெரைன் டிரைவில், கிலோமீட்டருக்கு 6 நிமிடம். மனைவி தனியாக ஓடினால் ஏழரை நிமிடம்.

சேர்ந்து பயிற்சி எடுப்பது என்றால் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு ஓடுவது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அந்த 6 நிமிட வேகத்தில் கணவர் ஆபீஸ் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டே ஓடுகிறார். மனைவி "ம்" கொட்டுகிறார். பாசத்தால் அல்ல, அதற்கு மேல் பேச மூச்சில்லை. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால்தான் அது ஈஸி ரன். ஆக, ஒரே எக்ஸெல் ஷீட், ஒரே அட்டவணை. கணவருக்கு அதில் மூன்று நாள் சுலபம், ஒரு நாள் கடினம். மனைவிக்கு நான்கு நாளும் ரேஸ். தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, காலுக்குத் தெரியும். உயரமானவரின் நீளமான கால்வீச்சுக்கு ஈடுகொடுக்கப் பாதத்தை எட்டி எட்டிப் போட்டால் அந்த அடியையும் முன்னெலும்புதான் வாங்கும். அதோடு கணவர் பத்து வருஷமாக ஓடுபவர், மனைவி ஜூனில் தொடங்கியவர். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கு வேண்டும். பெண்கள் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் வேகமான மனைவியைத் துரத்திக்கொண்டு ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட கணவரும் வந்தார்.

"ஒரே சாப்பாடுதானே சாப்பிடறோம்?" இல்லை சார். நீங்கள் ஓடி வந்ததும் தட்டு வருகிறது. அவர் டிபன் கட்டிக் குழந்தையை அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்கு மிச்ச இட்லியைச் சாப்பிடுகிறார். ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளாது. மாதவிலக்கு தள்ளிப்போனால் "ஓடறதால அப்படித்தான்" என்று விடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபினும் விட்டமின் டியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரிந்து ஓடச் சொன்னால் ஏதோ விவாகரத்துக்குச் சொன்ன மாதிரி முகம் போகிறது. வழி சுலபம். தூரத்தை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். மெரைன் டிரைவ் தெற்கு முனையில் இருக்கும் என்சிபிஏ கலையரங்க வாசலில் ஒன்றாகக் கிளம்புங்கள், 45 நிமிடம் ஆனதும் இருவரும் இருக்கிற இடத்திலேயே திரும்புங்கள். ஒருவர் ஹாஜி அலி வரை போயிருப்பார், இன்னொருவர் அதற்கு முன்னால் வரும் பெடர் ரோடு வரை. அவரவர் வேகத்திலேயே திரும்பினால் வாசலுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவீர்கள், காபியும் ஒன்றாகக் குடிக்கலாம். அதுவும் பிடிக்காவிட்டால் சிவாஜி பார்க்கைச் சுற்றுங்கள், சுற்றுக்குச் சுற்று முகம் பார்க்கலாம். பக்கத்தில்தான் ஓடுவோம் என்றால் மெதுவானவரின் வேகம்தான் வேகம். வேகமானவருக்கு அன்று ஈஸி ரன், அவ்வளவுதான்.

ரேஸுக்கும் இதே கதைதான். எந்த இடத்தில் பிரிவது என்று முதல் நாள் இரவே பேசி வையுங்கள். பெடர் ரோடு ஏற்றத்தில் நின்றுகொண்டு "நீங்க போங்கோ", "வேண்டாம், நீ வா" என்று வழக்காட வேண்டாம். பாசமாக இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாட்டிலை நீட்டாதீர்கள். தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களும் 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். உங்கள் பையிலிருக்கிற வலி மாத்திரையை ஓட்டத்துக்கு நடுவே கூட ஓடுகிறவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், சிறுநீரகம் பாவம்.

அந்த அம்மா இந்த ஜனவரியில் ஓட முடியாது. இந்த மட்டும் தப்பித்தார் என்றே சொல்வேன். இதே கீறல் இடுப்பு மூட்டில், தொடையெலும்பின் கழுத்தில் வந்திருந்தால் ஆபரேஷன் வரை போயிருக்கலாம். ஓடும்போது தொடை இடுக்கில் வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் கூடுகிறதா? என்னிடம்கூட வர வேண்டாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேரே ஆர்த்தோவிடம் போங்கள், டாக்ஸி பிடித்து.