சின்ன விமானம் லண்டன் போகுமா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஆழ்கடல் படகு வைத்திருப்பவர். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவள் ஊருக்கு வருவதென்றால் தோகாவிலோ துபாயிலோ இறங்கி, கண்ட நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து கிடந்து, அடுத்த விமானம் பிடித்துத் திருவனந்தபுரம் வந்து சேர வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் செல்போனும் கையுமாக வந்தார்.

"புதுசா ஒரு சின்ன விமானம் வந்திருக்காம், 8,700 கிலோமீட்டர் போவுமாம். திருவனந்தபுரத்துல இருந்து லண்டனுக்கு 8,400தான் காட்டுது. பின்ன எதுக்கு எனக்க மவ தோகாவுல கெடந்து தூங்கணும்?"

இரண்டு எண்களுமே சரிதான். அவர் சொன்னது ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர். நடுவில் ஒரே நடைவழி, இரு பக்கமும் மும்மூன்று இருக்கை என்று நாம் சென்னைக்கும் மும்பைக்கும் ஏறிப் போகிற அதே குடும்பத்து விமானம். பெரிய விமானத்தை நிரப்ப ஆள் கிடைக்காத தடங்களில், இருநூறு பேரை வைத்துக்கொண்டு கண்டம் தாண்டலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஸ்பெயினின் ஐபீரியா 2024 நவம்பரில் மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு இதை முதன்முதலாக நெடுந்தூரத் தடத்தில் ஓட்டியது. நம்மூர் இண்டிகோ மும்பை–ஏதென்ஸ் தடத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. பாஸ்டன் தடம் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர், ஏதென்ஸ் தடம் 5,150. 8,700 போகும் என்று விற்கப்படும் விமானத்தை இவர்கள் ஏன் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினார்கள்? அண்ணனுடைய கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எடை. தங்கு கடலுக்குப் போகும் தூத்தூர்ப் படகு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடக்கும். கூடுதல் நாள் இருக்க வேண்டுமா, கூடுதல் டீசல் வேண்டும். டீசல் ஏறினால் ஐஸுக்கு இடம் குறையும், ஐஸ் குறைந்தால் மீன் கெட்டுவிடும். இது அண்ணனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் படகுக்கு இல்லாத ஒரு தண்டனை விமானத்துக்கு உண்டு. படகின் எடையைக் கடல் சும்மா தாங்குகிறது, எஞ்சினை நிறுத்தினாலும் மிதக்கும். விமானமோ ஒவ்வொரு நொடியும் எரிபொருளைக் கொடுத்துத்தான் மிதக்கிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளித் தள்ளித்தான் மேலே நிற்க முடியும், அப்படித் தள்ளுவதால் பின்னுக்கு இழுக்கும் விசையும் கூடவே பிறக்கும். எடை கூடினால் இழுவை கூடும், இழுவை கூடினால் எரிபொருள் கூடுதலாக எரியும்.

விமானத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. கூடுதலாக ஏற்றிய எடையில் மணிக்கு மூன்று நான்கு விழுக்காடு, அந்த எடையைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். பத்து மணி நேரப் பயணத்தில் ஒரு டன் ஏற்றினால் முந்நூறு கிலோவாவது தன்னைத் தானே தின்றிருக்கும். அதனால் எரிபொருளை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாவதில்லை. பிரெஞ்சு விமானப் பொறியாளர் லூயி பிரெகேயின் பெயரால் வழங்கும் சூத்திரத்தில் இந்தக் கஞ்சத்தனம் மடக்கை வடிவில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தடுத்து ஏற்றும் ஒவ்வொரு டன்னும் முந்தையதைவிடக் குறைந்த தூரத்தையே வாங்கித் தரும்.

எக்ஸ்எல்ஆரில் செய்த வேலை என்ன? சக்கரங்கள் மடங்கும் இடத்துக்குப் பின்னால், பெட்டிகள் வைக்கும் அடிவயிற்றில், உடலோடு சேர்த்தே ஒரு டேங்க் கட்டினார்கள். 12,900 லிட்டர் பிடிக்கும், எடையில் பத்து டன். பையோடு சேர்த்து ஆளுக்கு நூறு கிலோ என்று வைத்தால் நூறு பயணிகளுக்குச் சமம். முன்பெல்லாம் தனித்தனி டேங்குகளைச் சரக்கறைக்குள் இறக்கி வைப்பார்கள், அவற்றின் வெற்று எடையே பெரிய சுமை. புது டேங்கில் அந்த வீண் எடை வெகுவாகக் குறைந்தது. ஏறும்போது மொத்தம் 101 டன் வரை போகலாம் என்பதால் சக்கரக் கால்களையும் பலப்படுத்தினார்கள். சக்கரம் விரியாமல் வயிறு தரையில் உரசினால் டேங்க் என்னாகும் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு அதிகாரிகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அடிப்பகுதியை மேலும் உறுதியாக்கிக் காட்டிய பிறகே 2024 ஜூலையில் சான்றிதழ் கிடைத்தது. டேங்கின் நேர் மேலே உட்காருபவர்களுக்குக் கால் சில்லிடுமே என்ற கேள்விகூட எழுந்தது. சிரிப்பாக இருந்தாலும் நியாயமான கேள்வி: பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் மேல் குளிர்.

எஞ்சினைப் பற்றி அண்ணனிடம் ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது. சின்ன விசிறி கொஞ்சம் காற்றை வெறித்தனமாக வீசுவதைவிட, பெரிய விசிறி நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவதே சிக்கனம். "பெரிய புரொப்பெல்லர் மாட்டினா டீசல் மிச்சம், அதுதானே" என்றார். அதுவேதான். பழைய எஞ்சினில் உலைக்குள் போகும் காற்றைப்போல ஐந்தாறு மடங்கு காற்று வெளிச்சுற்றில் போனது, இப்போதைய லீப் எஞ்சினில் பதினொரு மடங்கு.

இறக்கை நுனி அவருக்கு இன்னும் பிடித்தது. இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனி வழியாகக் காற்று மேலே ஏறிச் சுழலாகி ஆற்றலைத் திருடும். நீண்டு மெலிந்த இறக்கையில் இந்தத் திருட்டு குறைவு. முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளின் இதழ்கள் அவ்வளவு ஒல்லியாக நீண்டிருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். விமானத்தில் நுனியை மேல்நோக்கி வளைத்து விடுகிறார்கள், நீண்ட பயணத்தில் நான்கு விழுக்காடு வரை மிச்சம் என்கிறது ஏர்பஸ். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஷார்க்லெட், அதாவது சுறாக்குட்டித் துடுப்பு. சுறா பிடிப்பதில் பேர் வாங்கிய ஊரில் உட்கார்ந்து இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்கள் என்று எழுதவே வேண்டாம்.

இவ்வளவு செய்து கிடைத்ததுதான் 8,700. அது காற்றடிக்காத நாளுக்கான எண். உருண்டைப் பூமியில் திருவனந்தபுரம்–லண்டன் குறுக்குவழி அரபிக்கடல், ஈரான், கிழக்குத் துருக்கி, கருங்கடல் என்று வடக்கே வளைந்து போகிறது. அந்த அகலாங்குகளில் உயரே மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று, குளிர்காலத்தில் அதன் நடுவோட்டம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். சராசரியாக வெறும் 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். விமானம் காற்றுக்குள் மணிக்கு 830 ஓடும், தரைக்கு 780தான் நகரும். 8,400 கிலோமீட்டரைக் கடக்கப் பத்தே முக்கால் மணி நேரம். அதற்குள் காற்றில் அது ஓடிய தூரம் 8,900க்கும் மேல். கையிருப்பு தாண்டிவிட்டது. போர் நடக்கும் வான்வெளியைச் சுற்றிப் போனால் இன்னும் கூடும். பெட்டிகள் நிறைந்தாலும் எட்டும் தூரம் சுருங்கும். ஆகவேதான் ஐயாயிரத்துச் சொச்சம். மிச்சமுள்ள மூவாயிரம் கிலோமீட்டர் வீணல்ல, காற்றுக்கும் சுமைக்கும் கொடுக்கும் இடம்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்க இருந்து வரும்போ காத்து பின்னால இருந்துல்லா தள்ளும்?"

தள்ளும். அதே கணக்கில் ஒன்பதரை மணி நேரம், காற்றில் 7,900தான். தாளில் பார்த்தால் எட்டிவிடும் தூரம். ஆனால் வர மட்டும் முடிந்து, போக முடியாத விமானத்துக்கு எந்தக் கம்பெனி டிக்கெட் விற்கும்?

தென்மேற்குப் பருவக்காலத்தில் கதை கொஞ்சம் மாறும். அப்போது மேலைக் காற்றோட்டம் வடக்கே ஒதுங்கிவிடும், தென்னிந்தியாவின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பேரோட்டம் கிளம்பும். அதை 1950களில் விவரித்தவர் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். லண்டன் போகிறவருக்கு முதல் கொஞ்ச தூரம் அது கைகொடுக்கும். வடக்கே போகப் போக விட்டுவிடும்.

"ஆனி, ஆடியில எங்களுக்கும் மீன்பிடித் தடைக்காலம்" என்றார் அண்ணன். "விமானம் மட்டும் வரட்டும், ஏர்போர்ட்டுல நானே கொண்டு விட்டுருவேன்."