புள்ளி ஓவியமும் பாலைவனத்து ஊற்றும்

ஆஸ்திரேலியாவில் நான் நடத்தும் ஓவிய வகுப்புக்கு வரும் தமிழ்ப் பெற்றோர் பலர், "பூர்வகுடிகளின் அந்தப் புள்ளி ஓவியத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்களேன், சுலபமாகத்தானே இருக்கிறது" என்று கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் வற்றாத ஊற்றை வால்மஜாரி என்னும் பூர்வகுடி மக்கள் 'ஜிலா' என்கிறார்கள். மணல்மேடுகளுக்கிடையே அது எங்கே இருக்கிறது, அங்கிருந்து அடுத்த நீருக்கு எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்ற அறிவுதான் அங்கே உயிரைக் காத்தது. ஜிலாவில் மழை தரும் பாம்பு குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் குரல்கொடுத்துத் தங்களை அறிவித்த பிறகே அதை நெருங்குகிறார்கள். ஓவியங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் பல நேரங்களில் இப்படிப்பட்ட நீரிடங்களே. 1906-இல் கால்நடைப் பாதைக்காக அளவெடுக்க வந்த ஆல்பிரட் கேனிங்கின் குழு, ஊற்றுகளைக் காட்டச் சொல்லிப் பாலைவனத்துப் பூர்வகுடிகளைச் சங்கிலியில் பிணைத்து நடத்திச் சென்றது. விசாரணைக் கமிஷனும் அமைந்தது. கேனிங் மீது குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். இன்று படித்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

அந்த மண்ணின் மக்கள் 1997-இல் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் ஙுராரா ஓவியத்தைச் சேர்ந்து வரைந்தார்கள். நில உரிமைத் தீர்ப்பாயத்தின் முன் அதை விரித்து, ஒவ்வொருவரும் தம் ஊற்றின் மேல் நின்று தாய்மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007-இல் சுமார் 76,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீது அவர்களுடைய உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது. ஒரு பட்டாவுக்குரிய வேலையை அந்த ஓவியம் செய்தது. அதிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்துக் கோப்பையில் வரைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1971-இல் மத்திய ஆஸ்திரேலியாவில் உள்ள பாப்புன்யா என்ற குடியிருப்பில் பூர்வகுடி ஓவியர்கள் பலகைகளில் வரையத் தொடங்கியபோது, சடங்குக்குரிய சில வடிவங்கள் வெளியாரின் கண்ணில் பட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது. பிறகு ஓவியர்கள் அவற்றைத் தவிர்த்தார்கள், புள்ளிகளால் மூடினார்கள். ஆகவே "முழுக்கதை என்ன?" என்று ஓவியரைத் துருவாதீர்கள். சொல்லக்கூடியதை அவரே சொல்வார்.

என் மாணவர்களுக்கு இந்த ஓவியங்களைக் காட்டுகிறேன், வரைந்தவர் யார், எந்த நிலத்தவர் என்று சொல்லிக்கொடுக்கிறேன். வரையும்போது மட்டும் அவரவர் பார்த்த ஏரியையோ குளத்தையோ அவரவர் கோட்டில் வரையட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

வாங்க விரும்புகிறவர்கள், பூர்வகுடிகளே நடத்தும் கலை மையங்களில் வாங்குங்கள். ஓவியரின் பெயரும் ஊரும் உள்ள சான்றிதழைக் கேளுங்கள். இந்தோனேசியாவில் செய்தவற்றைப் பூர்வகுடிக் கலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தகைய பொருள்கள் நினைவுப்பொருள் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன.