1809-இல் மெதடிஸ்ட் கல்யாணப் பதிவேடா? இல்லவே இல்லை

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். கையில் அழகாக அச்சடித்த வம்சாவளி வரைபடம். 1809-இல் யார்க்‌ஷயரில் கல்யாணம் செய்துகொண்ட மூதாதையருக்காக மெதடிஸ்ட் திருமணப் பதிவேட்டைக் கேட்டார். இல்லை என்றேன். "தொலைத்துவிட்டீர்களா?" என்றார். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். எதுவும் தொலையவில்லை. அப்படி ஒரு பதிவேடே அப்போது கிடையாது. 1754 முதல் 1837 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குவேக்கர்கள் (தனிச் சபையாக இயங்கிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்), யூதர்கள் தவிர எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில் மணம் முடித்தால்தான் சட்டப்படி செல்லும். கத்தோலிக்கருக்கும் அதே விதிதான். ஆகவே ஊர்ப் பங்கு ஆலயத்தின் ஏட்டைப் பாருங்கள். அங்கே பெயர் இருப்பதால் அவர் மெதடிஸ்ட் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே 1791-இல் இறக்கும்வரை அந்த இங்கிலாந்துத் திருச்சபையின் குருதான்! 1837-க்குப் பிறகும் சேப்பலில் (மெதடிஸ்டுகளின் ஆலயத்தில்) கல்யாணம் என்றால், 1898-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அரசுப் பதிவாளர் வந்து உட்கார வேண்டியிருந்தது.

ஞானஸ்நானத்துக்கு மெதடிஸ்ட் ஏடுகள் உண்டு. 1837 வரையிலானவற்றில் பல அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 (RG 4) என்ற வரிசையில் இருக்கின்றன. பிந்தையவற்றை அந்தந்த கவுண்டி ஆவண அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு சர்க்யூட்டின் (ஒரே நிர்வாகத்தில் சேர்ந்த பக்கத்துச் சபைகளின் தொகுப்பு) பல ஊர்களுக்கும் ஒரே ஏடு இருந்திருக்கலாம். சொந்த ஊர்ப் பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொள்ளாதீர்கள். மெதடிஸ்டுகளில் எந்தப் பிரிவு, வெஸ்லியனா, பிரிமிட்டிவா, பைபிள் கிறிஸ்டியனா என்றும் விசாரித்துக்கொண்டு வாருங்கள். பிரிந்து கிடந்த சபைகளில் பெரியவை ஒன்றானது 1932-இல்தான்.

அப்புறம், பத்திரிகை. வெஸ்லி 1778-இல் தொடங்கிய ஆர்மினியன் மேகசின்தான் 1798-இல் மெதடிஸ்ட் மேகசின் ஆனது, 1822-இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் மேகசின் ஆனது. மூன்றும் ஒன்றே. அதில் வரும் மரணக் குறிப்புகள் பக்தியை வளர்க்க எழுதப்பட்டவை. எப்படி மனந்திரும்பினார், எவ்வளவு சமாதானமாகக் கண்மூடினார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். என்ன தொழில் செய்தார், எத்தனை பிள்ளைகள் என்பது இல்லாமலே போகலாம். தேதியை வேறிடத்தில் சரிபார்க்காமல் வரைபடத்தில் ஏற்றாதீர்கள். அதற்காக ஒதுக்கியும் விடாதீர்கள். வேறெங்கும் அச்சில் வராத சாதாரணப் பெண்களின் வாழ்க்கைக் கதைகள் அதில் இருக்கின்றன.

அந்தப் பத்திரிகையில் வந்த போதகர்களின் செதுக்கோவியங்கள் கிழித்தெடுத்த தனித் தாளாக விற்பனைக்கு வருகின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவதால்தான் அடுத்த தொகுதியையும் கிழிக்கிறார்கள்.

யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1814-இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அவை மிஷனரிகள் தலைமையகத்துக்கு எழுதியவை. உங்கள் பாட்டியின் ஞானஸ்நானத் தேதிக்கு முதலில் உள்ளூர்ச் சபையில் கேளுங்கள், அதற்கப்புறம் விமானச் சீட்டு வாங்கலாம்.