கார்டியா என்றாலே இதயம் இல்லை

அந்த அம்மாவுக்கு 50 வயதைத் தாண்டியிருக்கும். வந்து உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். எண்டோஸ்கோப்பி அறிக்கை. அதில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தது: ‘லேக்ஸ் கார்டியா’.

“கார்டியான்னா ஹார்ட்தானே டாக்டர்? ஹார்ட் தளர்ந்துபோச்சுன்னு போட்டிருக்காங்க. மூணு வாரமா நான் மாடி ஏறவே இல்லை.”

அவர் எண்டோஸ்கோப்பிக்குப் போனதே நெஞ்செரிச்சலுக்காக. அறிக்கையில் இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் மூன்று வாரமாக வீட்டில் யாரும் அவரை ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடவில்லை. இப்படி ஒரு தாளோடு வந்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உணவுக்குழாய் மார்புக்கூட்டுக்குள் இறங்கி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உள்ள துளை வழியாக வயிற்றுக்குள் வந்து, இரைப்பையோடு சேர்கிறது. சேரும் அந்த இடத்துக்கு, அதாவது இரைப்பையின் வாய்க்கு, உடற்கூறியலில் பெயர் கார்டியா. அங்கே இருக்கும் வளையத் தசை இறுக்கமாக மூடியிருந்தால் இரைப்பையின் அமிலம் மேலே வராது. தளர்ந்திருந்தால் வரும். ‘லேக்ஸ் கார்டியா’ என்றால் அந்த வாய் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அந்த அம்மா தாராளமாக மாடி ஏறலாம். ராத்திரி சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது என்பதுதான் அவர் கடைப்பிடிக்க வேண்டியது.

சரி, இரைப்பையின் வாய்க்கு ஏன் இதயத்தின் பெயர்? கிரேக்க மொழியில் ‘கார்டியா’ என்றால் இதயம். அந்த மொழிக்காரர்களே இந்தச் சொல்லை இரண்டு இடத்துக்கும் வைத்திருந்தார்கள். பழையவர்கள் இரைப்பையின் வாயையும் கார்டியா என்றே அழைத்தார்கள் என்று 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால், கி.மு. 430-இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயை வர்ணிக்கும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், நோய் கார்டியாவில் போய் உட்கார்ந்ததும் அதைப் புரட்டிப்போட்டது, பித்தமாக வாந்தி வந்தது என்கிறார். வாந்தி என்றதுமே அவர் சொல்வது இரைப்பையைத்தான் என்று தெரிந்துவிடுகிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. உடம்பே இந்த இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கிறது. உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால், கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. அதனால்தான் இதயத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டியபோது, வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் கருவியை விட்டு எக்கோ எடுக்கிறோம். இதயத்திலிருந்து வலியைச் சுமந்து வரும் நரம்புகளும் உணவுக்குழாயிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்து சேர்கின்றன. வலி எங்கிருந்து கிளம்பியது என்று மூளையால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

நம் மொழியைப் பாருங்கள். நெஞ்சு என்றால் மார்பு, இதயம், மனம் மூன்றும். இரைப்பை அமிலம் மேலே வருவதற்குப் பெயர் நெஞ்செரிச்சல். வயிற்றின் மேல்பகுதியில், விலா எலும்புகள் பிரியும் இடத்தில் உள்ள பள்ளத்தை நெஞ்சுக்குழி என்கிறோம். இரைப்பையின் வாய் இருப்பது ஏறக்குறைய அதற்குப் பின்னால்தான். கிரேக்கர்கள் செய்த அதே வேலையைத் தமிழும் தனியாகச் செய்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இதயம்’ என்ற சொல் ‘ஹ்ருதயம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஹ்ருதயம், கிரேக்கக் கார்டியா, லத்தீன் கோர், ஆங்கில ஹார்ட் எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. இதயம் என்று சொல்லும்போதே கார்டியாவின் தூரத்து உறவைத்தான் சொல்கிறோம்.

இரைப்பையை இதயம் என்று நினைத்தால் மூன்று வாரத் தூக்கம் போகும். இதயத்தை இரைப்பை என்று நினைத்தால் ஆளே போய்விடலாம். என் உண்மையான கவலை இந்த இரண்டாவதுதான்.

இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் படுத்திருக்கிறது. அந்தச் சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், வலி பல நேரம் நெஞ்சுக்குழியில்தான் தெரியும். கூடவே குமட்டல், வாந்தி, வியர்வை. “ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்று ஜெல்லூசில் மாதிரி எதையாவது குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். குடித்ததும் கொஞ்சம் அடங்கினால் கேஸ் என்றே முடிவாகிவிடுகிறது. தயவுசெய்து அந்த முடிவுக்கு வராதீர்கள். அமில மருந்தைக் குடித்த பிறகு வலி குறைந்தது என்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோரிடம் மாரடைப்பு இப்படி வேஷம் போட்டுக்கொண்டு வருவது இன்னும் அதிகம்.

நான் நோயாளியின் கையைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு “இங்கதான் டாக்டர்” என்பவரைவிட, உள்ளங்கையை மார்பின் நடுவில் வைத்து அழுத்தி, வார்த்தை கிடைக்காமல் தவிப்பவரைப் பார்த்தால் எனக்குப் பதற்றம் வரும். சட்டை வியர்வையில் நனைந்திருந்தால் கேள்வியே வேண்டாம், முதலில் ஈசிஜி. இப்படி வருகிறவருக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நெறிமுறை. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் அத்தோடு விடுவதில்லை. திரும்ப எடுப்போம், இதயத் தசை சேதமானால் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வோம். “அதான் நார்மல்னு வந்திருச்சே” என்று அந்த இடைவெளியில் கிளம்பிப் போகாதீர்கள்.

அறிக்கைகளில் கண்ணில் படும் மற்ற கார்டியாக்களையும் சொல்லிவிடுகிறேன். டாக்கிகார்டியா என்றால் வேகமான இதயத் துடிப்பு, நிமிடத்துக்கு 100-க்கு மேல். பிராடிகார்டியா மெதுவான துடிப்பு, 60-க்குக் கீழ். இரண்டுமே அளவைச் சொல்லும் சொற்கள், தம்மளவில் நோயின் பெயர்கள் அல்ல. காய்ச்சலில் 110 துடிப்பதும், தினமும் ஓடிப் பழகியவருக்கு 52 துடிப்பதும் இயல்பானவைதான். ‘மயோ’ தசை, அதனால் மயோகார்டியம் இதயத் தசை. ‘பெரி’ சுற்றி, அதனால் பெரிகார்டியம் இதயத்தைச் சுற்றிய உறை. அதற்குள் கொஞ்சம் திரவம் எப்போதும் இருக்கும், அது இதயம் உராயாமல் துடிப்பதற்காக. சில தாள்களில் ஈசிஜி என்பதை ஈகேஜி என்று போட்டிருப்பார்கள். அது ஜெர்மன் எழுத்துமுறை, இரண்டும் ஒரே பரிசோதனைதான். அந்தப் பதிவை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்ப்பக்கமாக, கார்டியோமயாட்டமி என்ற அறுவை சிகிச்சையில் இதயத்தை யாரும் தொடுவதில்லை. உணவு இறங்காமல் இரைப்பையின் வாய் இறுகிப்போனவர்களுக்கு அந்தத் தசையை வெட்டித் தளர்த்துவது அது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வந்த மகன், இந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவத்துக்கு வெளியேயும் இந்தச் சொல் திரிகிறது. 1741-இல் காஸ்டிலியோன் என்ற கணித அறிஞர் இதய வடிவமான ஒரு வளைவுக்குக் கார்டியாய்டு என்று பெயர் வைத்தார். இன்று மேடையில் பாடுபவர் பிடித்திருக்கும் மைக், முன்னாலிருந்து வரும் ஒலியை நன்றாக வாங்கிப் பின்னாலிருந்து வருவதைத் தள்ளிவிடும் வடிவத்துக்கும் அதே பெயர்தான். கடலில் கார்டியம் என்ற சிப்பி இனம் இருக்கிறது, இரண்டு ஓடும் மூடிய நிலையில் பக்கவாட்டில் பார்த்தால் இதய வடிவம். முந்திரியின் அறிவியல் பெயர் அனகார்டியம்.

எனக்குப் பிடித்தது முடக்கற்றான். வேலியில் ஏறும் கொடி. அதன் காய் காற்றடைத்த பச்சைப் பலூன் மாதிரி இருக்கும். காய்ந்ததை நசுக்கினால் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. மிளகளவு கறுப்பு விதை. திருப்பிப் பார்த்தால், காயோடு ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பால் வரைந்தது போல ஒரு வெள்ளை இதயம் இருக்கும். கார்டியோஸ்பெர்மம், ‘இதய விதை’ என்று அதற்குப் பெயர் வந்தது அந்தப் புள்ளியால்தான்.

இந்தப் பெயரே ஒருநாள் எனக்குப் பயம் காட்டியது. ‘பெயரிலேயே கார்டியோ இருக்கிறது, அதனால் இதய அடைப்புக்கு இதுவே மருந்து’ என்று கைபேசியில் வந்த ஒரு செய்தியை ஒருவர் எனக்குக் காட்டினார். இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை 6 நாளாக நிறுத்தியிருந்தார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: விதையில் இருப்பது இதயத்தின் படம், மருந்து அல்ல. பல தலைமுறையாக இதயத்துக்குக் கொடுக்கப்படும் டிகாக்ஸின் மாத்திரை ஒரு பூச்செடியிலிருந்து வந்தது. அந்த வகைச் செடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரங்களை விதரிங் என்ற மருத்துவர் 1785-இலேயே புத்தகமாகப் போட்டார். அந்தச் செடியின் பெயர் டிஜிடாலிஸ். லத்தீனில் அதற்குப் பொருள் விரல் சம்பந்தப்பட்டது, பூ விரலுறை மாதிரி இருப்பதால். அதில் கார்டியா எங்கேயும் இல்லை.

அவர் அன்றே, என் எதிரிலேயே, மாத்திரையைப் போட்டுக்கொண்டார். முதலில் சொன்ன அந்த அம்மாவின் தாளில், இரண்டு கோடு போட்டிருந்த வரிக்குப் பக்கத்தில், ‘இரைப்பையின் வாய்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் அறை மாடியில் இருக்கிறது. வரும்போது லிஃப்டில் வந்தவர், போகும்போது படியில் இறங்கினார்.